பழைய லோரி ஏன் அதிர்கிறது?

தோட்டத்து வாழ்க்கையில் லோரிக்கு உள்ள இடம் சிறியதன்று. வெட்டி எடுத்த பாலையும் ஒட்டுப்பாலையும் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதும், உர மூட்டைகளை ஸ்டோரிலிருந்து காட்டுக்கு எடுத்துச் செல்வதும், மழையில் கரைந்த பாதைக்குக் கல் ஏற்றி வருவதும் அதன் வேலை. லோரி ஒரு நாள் நின்றால் பால் டாங்கியில் பால் உறைந்துவிடும்; நிரையில் பாடுபட்ட பலரின் உழைப்பு வீணாகும். ஆகவே லோரியின் நலம் ஓட்டுநரும் ஃபிட்டரும் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்பதற்கில்லை.

அத்தகைய லோரி ஒருநாள் திடீரென்று உதறத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அல்லது ஓட்டுநர் வண்டி ஓட்டும் முறை சரியில்லை என்று அவர்மேல் பழியைச் சுமத்துகிறோம். வயதாகிவிட்ட எஞ்சின் புகை கக்கலாம்; எண்ணெய் குடிக்கலாம்; அதன் இழுவை குறையலாம். ஆனால் நேற்றுவரை அமைதியாக ஓடிய எஞ்சின், பட்டறைக்குப் போய் வந்த மறுநாளிலிருந்து உதறுமானால், அதற்கு வயதையோ ஓட்டுநரையோ காரணம் காட்டுவது பொருந்தாது. அங்கே மாற்றப்பட்ட ஓர் உறுப்பு அந்த எஞ்சினின் சமநிலைக்கு ஒத்துவராமல் இருக்கலாம் என்றே முதலில் ஐயப்பட வேண்டும்.

ஓர் உறுப்பு எஞ்சினில் பொருந்துவது வேறு. அந்த எஞ்சினோடு ஒத்துப்போவது வேறு. இந்த வேறுபாட்டை உணராமையால் எத்தனையோ நல்ல எஞ்சின்கள் காலத்துக்கு முன்பே பாழாகின்றன. இதைத் தெளிவாக அறிந்துகொள்ளவும், அதிர்வின் மூலத்தைப் படிப்படியாக இனம் காணவும் இக்கட்டுரை வழிகாட்டும்.

சமநிலை என்பது என்ன?

ஒரு கயிற்றின் நுனியில் சிறு கல்லைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தால், அது கையை வெளிப்புறமாக இழுப்பதை உணரலாம். வேகத்தைக் கூட்டினால் இழுப்பும் கூடும். அது சிறிது சிறிதாகக் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் இழுப்பு ஒன்பது மடங்காகும்.

எஞ்சினுக்குள் சுழலும் ஒவ்வோர் உறுப்புக்கும் இதே விதிதான். ஒரு சக்கரத்தின் ஒரு பக்கத்தில், மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, 20 கிராம் எடை மட்டும் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 கிராம் என்பது நம் உள்ளங்கையில் அடங்கும் சில நாணயங்களின் எடைதான். சக்கரம் நிமிடத்திற்கு 1000 சுற்றுச் சுழலும்போது அந்தச் சிறு எடை 3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசையுடன் வெளியே இழுக்கும். 2000 சுற்றில் அது 13 கிலோவைத் தாண்டும். 3000 சுற்றில் ஏறத்தாழ 30 கிலோ ஆகும். அந்த 30 கிலோ விசை ஒரே திசையில் இழுப்பதில்லை. மேலும் கீழும், இடமும் வலமும் என வினாடிக்கு 50 முறை சுற்றிச் சுற்றி இழுக்கும். இதையே நாம் அதிர்வாக உணர்கிறோம்.

இதைத் தவிர்ப்பதற்காகவே எஞ்சின் செய்பவர்கள் ஒவ்வொரு கனத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் சரியான எதிர்க்கனம் அமைக்கிறார்கள். தராசின் இரு தட்டுகளும் நிகராக நிற்பதுபோல் சுழலும் கனங்கள் நிகராக நிற்க வேண்டும். அதுவே சமநிலை.

சமநிலையைக் காக்கும் உறுப்புகள்

பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. அதிலேயே எதிர்க்கனங்கள் வார்க்கப்பட்டிருக்கும். அதன் பின்முனையில் பூட்டப்படும் கனமான இரும்புச் சக்கரம் ஃபிளைவீல். ஃபிளைவீலின் முகத்தில் கிளட்சின் பிரஷர் பிளேட் பூட்டப்படுகிறது. இவை அனைத்தும் ஒன்றாகச் சுழல்வதால் இவற்றுள் எதன் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் எஞ்சின் முழுவதும் உதறும்.

கிராங்க் தண்டின் முன்முனையில், விசிறிப் பட்டை ஓடும் கப்பியோடு சேர்ந்து, டேம்பர் என்னும் உறுப்பைப் பல எஞ்சின்களில் காணலாம். நடுவே ஒரு குடம், வெளியே கனத்த இரும்பு வளையம், இவ்விரண்டுக்கும் இடையே ரப்பர்ப் பட்டை: இதுவே அதன் பொதுவான அமைப்பு. சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக வெடிக்கும்போது கிராங்க் தண்டு மிக நுண்ணிய அளவில் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சின் இயல்பிலேயே நல்ல சமநிலை உடையதுதான். ஆனால் அதன் கிராங்க் தண்டு நீளமாக இருப்பதால் இந்த முறுக்கு நடுக்கம் அதிகம். ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் நிறையக் காணப்பட்ட பெட்ஃபோர்ட் லோரிகள் பலவற்றில் இருந்தது இவ்வகை ஆறு சிலிண்டர் எஞ்சினே. முறுக்கு நடுக்கத்தை விழுங்கிக்கொள்வதே டேம்பரின் பணி.

எஞ்சினைச் சட்டத்தில் தாங்கி நிற்கும் மவுண்டிங்குகளிலும் ரப்பரே இருக்கிறது. அவற்றுக்கு இயற்கை ரப்பர் இன்றும் பெரிதும் விரும்பப்படுகிறது. மீள்தன்மையிலும் ஓயாமல் வளைந்து கொடுக்கும் உறுதியிலும் அது சிறந்து விளங்குவதே காரணம். நாம் விடியற்காலையில் வெட்டி இறக்கும் பால்தான் உலகெங்கும் எஞ்சின்களின் நடுக்கத்தைத் தாங்குகிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் எண்ணெயும் வெப்பமும் இயற்கை ரப்பரின் பகை. எண்ணெய் கசியும் எஞ்சினில் மவுண்டிங் ரப்பர் ஊதி, மிருதுவாகி, கிழிந்துபோகும்.

போல்ட் பொருந்தினால் போதுமா?

எஞ்சின்களைச் சமநிலைப்படுத்துவதில் இருவகை உண்டு. எதிர்க்கனம் முழுவதையும் கிராங்க் தண்டிலேயே அமைத்துவிடுவது ஒரு வகை. இதில் டேம்பரும் ஃபிளைவீலும் எப்பக்கமும் சாயாமல் சம எடையோடு இருக்க வேண்டும். கிராங்க் தண்டில் இடம் போதாதபோது எதிர்க்கனத்தின் ஒரு பகுதியை டேம்பரிலும் ஃபிளைவீலிலும் வேண்டுமென்றே ஒரு பக்கமாக அமைப்பது மற்றொரு வகை. இதில் அவ்விரு உறுப்புகளும் தனியே பார்த்தால் சமனற்றவை. கிராங்க் தண்டோடு சேரும்போதுதான் மொத்தமும் சமநிலை அடையும்.

ஒரு வகை எஞ்சினின் உறுப்பை மற்றொரு வகை எஞ்சினில் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நாட்டு வாகனங்கள் தெளிவான சான்று தருகின்றன. செவ்ரலே நிறுவனம் தன் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் 350 கன அங்குல அளவுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியது. அதே குடும்பத்தில் 400 கன அங்குல எஞ்சினை 1970 முதல் 1980 வரை தயாரித்தது. அக்காலத்து 350 எஞ்சின் உள்ளேயே சமநிலைப்படுத்தப்பட்டது. 400 எஞ்சினுக்கோ டேம்பரிலும் ஃபிளைவீலிலும் எதிர்க்கனம் உண்டு. வெளித் தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்றின் ஃபிளைவீல் மற்றொன்றில் அப்படியே உட்காரும். போல்ட்டுகளும் தடையின்றி ஏறும். எஞ்சினை ஓட்டிய பிறகுதான் உதறல் தெரியும்.

ஃபோர்டு நிறுவனத்தின் 302 கன அங்குல எட்டுச் சிலிண்டர் எஞ்சினின் செய்தி இதனினும் வியப்பானது. அங்கே எஞ்சினின் பெயரும் அளவும் மாறவில்லை. சமநிலைக் கனம் மட்டும் மாறியது. 1981 ஆம் ஆண்டை ஒட்டி அந்த எஞ்சினின் டேம்பருக்கும் ஃபிளைவீலுக்கும் உரிய எதிர்க்கனம் 28 அவுன்ஸ்-அங்குலத்திலிருந்து 50 அவுன்ஸ்-அங்குலமாக உயர்த்தப்பட்டது. மையத்திலிருந்து ஓர் அங்குலத் தொலைவில் எத்தனை அவுன்ஸ் எடை வைத்ததற்கு ஈடாகும் என்பதே இந்த அளவின் பொருள். பழைய எஞ்சினில் புதிய ஃபிளைவீலைப் பூட்டினால் 22 அவுன்ஸ்-அங்குலம் சமன் தவறுகிறது. 15 சென்டிமீட்டர் தள்ளிச் சுமார் 105 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்கு இது சமம். 3000 சுற்றில் அதன் விசை ஏறத்தாழ 160 கிலோ. இரண்டு ஆள் எடைக்கும் மேற்பட்ட விசை, கிராங்க் தண்டின் ஒரு முனையை வினாடிக்கு 50 முறை சுழற்றி அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்?

இந்த அமெரிக்க எஞ்சின்கள் நம் தோட்டங்களில் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் பாடம் நமக்கும் உரியதே. உற்பத்தி நின்றுபோன பழைய லோரிக்குப் புதிய உறுப்பு எளிதில் கிடைப்பதில்லை. பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டியுள்ளது. அங்கே அளவு பார்க்கிறோம், பற்களை எண்ணுகிறோம், போல்ட் துளைகளை ஒப்பிடுகிறோம். எடை எந்தப் பக்கம் அமைந்துள்ளது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடிவதில்லை.

நான்கு சிலிண்டர் டிராக்டரில் ஒரு தனிச் செய்தி

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே போகும்போது இரண்டு கீழே வருகின்றன. பார்வைக்கு இது நிகரான ஏற்பாடு. ஆனால் கனெக்டிங் ராடு சாயும் காரணத்தால் பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியை விரைவாகவும் கீழ்ப்பாதியைச் சற்று மெதுவாகவும் கடக்கிறது. இதனால் கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை எஞ்சின் மேலும் கீழும் குலுங்குகிறது.

இந்தக் குலுக்கலை அடக்க, கிராங்க் தண்டைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சமநிலைக் கனங்களை அமைக்கும் முறையைப் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் சிலவற்றிலும் வேறு பல இயந்திரங்களிலும் பொருத்தப்பட்ட பெர்க்கின்ஸ் 4.236 டீசல் எஞ்சினில், எண்ணெய்த் தொட்டிக்குள் இத்தகைய சமநிலைக் கருவியைக் காணலாம்.

கியர்களில் பொறிக்கப்பட்ட குறிகளை நேர்பார்த்து இக்கருவியைப் பூட்ட வேண்டும். குறி தவறினால், குலுக்கலை எதிர்த்துத் தள்ள வேண்டிய கனங்கள் அதனோடு சேர்ந்து தள்ளத் தொடங்கும். நேர் எதிராக மாறிவிட்டால் குலுக்கல் நீங்குவதற்குப் பதிலாக இரண்டு மடங்காகும். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி வேலை பார்த்த பிறகு டிராக்டர் முதல் முறை கிளப்பியதிலிருந்தே அதிர்ந்தால், இதையே முதலில் ஆராய வேண்டும்.

அதிர்வின் மூலத்தை இனம் காணும் வழி

அதிர்வு என்றதும் எஞ்சினைப் பிரித்துப் போடுவது பணத்தையும் நாளையும் விரயமாக்கும். எளியதிலிருந்து கடினமானதற்குப் போவதே முறை.

முதலாவது, விசாரணை. அதிர்வு எப்போது தொடங்கியது? அதற்குச் சற்று முன்பு என்ன வேலை நடந்தது? கிளட்ச் மாற்றினார்களா? ஃபிளைவீலைக் கடைந்தார்களா? முன்கப்பி மாற்றப்பட்டதா? பிஸ்டன் புதிதா? இக்கேள்விகளுக்கு ஓட்டுநர் சொல்லும் விடை மிக முக்கியமானது. நாள்தோறும் அந்த இருக்கையில் அமர்பவருக்குத் தெரிவது வேறு எவருக்கும் தெரியாது.

இரண்டாவது, நிறுத்தி வைத்துப் பார்த்தல். லோரியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட வேண்டும். எஞ்சினின் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், உச்சத்துக்கு ஏற்றக்கூடாது. விசிறியும் ஃபிளைவீலும் சுழலும் தளத்துக்கு நேரே, எஞ்சினின் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. நின்ற நிலையிலேயே அதிர்வு வந்தால் குறை எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், டயர், புரொப்பெல்லர் தண்டு, அதன் யூனிவர்சல் ஜாயிண்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது மேலும் ஒரு சோதனை உண்டு. ஒரே சாலை வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டும்போது அதிர்வு மாறினால் அது எஞ்சின் வேகத்தைப் பின்பற்றுகிறது. மாறாமல் இருந்தால் சக்கர வேகத்தைப் பின்பற்றுகிறது.

மூன்றாவது, அதிர்வின் குணம். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் நொண்டி நொண்டி ஆடும். வேகம் கூடும்போது பெரும்பாலும் அது மட்டுப்படும். சமநிலைக் குறைவோ இதற்கு நேர்மாறானது. மெதுவான ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது. வேகம் கூடக் கூட ஒரே சீரான நடுக்கமாக வளரும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பாதி வழி கடந்துவிட்டோம் எனலாம். டீசல் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று சோதிப்பது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. இன்ஜெக்டர் குழாயில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும் வலிமை உடையது. பழகாதவர்கள் அதில் கை வைக்கலாகாது.

நான்காவது, வெளிப்புறச் சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு மவுண்டிங் ரப்பர்களைப் பார்க்க வேண்டும். கிழிந்தோ எண்ணெயில் ஊறியோ இருந்தால் அவற்றை முதலில் மாற்ற வேண்டும். விசிறியின் இதழ் வளைந்தோ உடைந்தோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது விசிறிப் பட்டையைக் கழற்றிவிட்டு ஓரிரு நிமிடம் மட்டும் ஓட்டலாம். அதிர்வு மறைந்தால் குறை விசிறியிலோ தண்ணீர்ப் பம்பிலோ டைனமோவிலோ இருக்கிறது. நீண்ட நேரம் ஓட்டினால் தண்ணீர்ப் பம்பு சுழலாமல் எஞ்சின் கொதித்துவிடும்.

ஐந்தாவது, கிளட்ச் சோதனை. நின்ற இடத்தில், அதிர்வு வரும் வேகத்தில் எஞ்சினை வைத்துக் கிளட்சை முழுவதும் மிதிக்க வேண்டும். அதிர்வு நின்றால் கிளட்ச் தட்டையோ கியர்ப் பெட்டியையோ ஐயப்படலாம். நிற்காவிட்டால், கிளட்சை மிதித்தாலும் சுழன்றுகொண்டே இருக்கும் உறுப்புகளான ஃபிளைவீல், பிரஷர் பிளேட், டேம்பர், கிராங்க் தண்டு ஆகியவை எஞ்சியுள்ளன.

ஆறாவது, டேம்பர் சோதனை. எஞ்சினை நிறுத்தி, டேம்பரின் குடத்திலிருந்து வெளி வளையம் வரை வெள்ளைச் சாயத்தால் ஒரு நேர்கோடு போட வேண்டும். சில நாள் ஓடிய பின் கோடு முறிந்து விலகியிருந்தால் ரப்பரின் பிடி விட்டு வளையம் நழுவுகிறது என்று பொருள். ரப்பர் வெடித்தோ பிதுங்கியோ இருந்தாலும் அந்த டேம்பர் உதவாது. எதிர்க்கனம் உள்ள டேம்பரில் வளையம் நழுவினால், உறுப்பு சரியானதாக இருந்தும் அதன் கனம் தவறான இடத்துக்குப் போய்விடும் என்பதையும் அறிய வேண்டும்.

ஏழாவது, ஒப்பிடுதல். இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால்தான் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும். ஃபிளைவீலில் உள்ள உறுப்பு எண், துளையிட்டு எடை குறைத்த இடங்கள், சேர்த்து வார்த்த கனம் ஆகியவற்றைப் பழைய ஃபிளைவீலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பிரஷர் பிளேட்டைக் கழற்றுமுன் ஃபிளைவீலோடு சேர்த்து ஒரு குறி போட்டுக்கொண்டு, திரும்ப அதே குறியில் பூட்ட வேண்டும். இந்த ஒரு குறியைப் போடாமல் விட்டதால் வந்த அதிர்வுகளும் உண்டு. எஞ்சின் முழுவதும் பழுது பார்க்கப்பட்டிருந்தால், பிஸ்டன்களும் கனெக்டிங் ராடுகளும் ஒரே எடையுள்ள தொகுதியைச் சேர்ந்தவைதாமா என்று எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

அதிர்வுக்குப் பழகிவிட்டால் வரும் கேடு

மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான், இரும்பு பழகிக்கொள்வதில்லை. ஓயாத அதிர்வால் முதலில் போல்ட்டுகள் தளரும். புகைக்குழாய் விரிசல் விட்டு நச்சுப் புகை ஓட்டுநர் அறைக்குள் கசியும். எரிபொருள் குழாயின் இணைப்பு கசிந்தால் சூடான எஞ்சின்மேல் சொட்டித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மெயின் பேரிங்குகள் தேயும். டேம்பர் உடைந்தால் விசிறிப் பட்டை கழன்று தண்ணீர்ப் பம்பு நிற்கும். இறுதியில் கிராங்க் தண்டே சோர்ந்து முறியும்.

கிராங்க் தண்டு சமதளத்தில்தான் முறிய வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. பால் டாங்கியோடு மேட்டிலிருந்து இறங்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால், எஞ்சினின் உதவியால் இயங்கும் பிரேக் துணைக்கருவி தன் சேமிப்பு தீரும்வரைதான் கைகொடுக்கும். அப்போது ஓட்டுநரும் உதவியாளரும் மட்டுமல்லர், எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையும் ஆபத்தில் இருக்கிறார். கடையிலே சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்தி வாங்கிய ஒரு ஃபிளைவீலின் உண்மையான விலை இதுவாகவும் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

தவறான உறுப்பு பூட்டப்பட்டிருப்பது தெரிந்தால், எஞ்சின் எண்ணைக் கொண்டு அதற்குரிய சரியான உறுப்பைத் தேடிப் பூட்டுவதே சிறந்த வழி. அது கிடைக்காதபோது, சமநிலைப்படுத்தும் இயந்திரம் உள்ள பட்டறைக்குப் பழைய ஃபிளைவீலையும் கிடைத்த ஃபிளைவீலையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். பழையதன் கனம் எந்த இடத்தில் எவ்வளவு உள்ளது என்று அளந்து, மற்றதிலும் அதே அளவுக்கு அமைத்துத் தருவார்கள். இதற்காகவே பழைய உறுப்பை, அது தேய்ந்துபோயிருந்தாலும், புதியது சரியாக ஓடும்வரை இரும்புக் கடைக்குப் போடக்கூடாது.

ஃபிளைவீலில் தோராயமாக ஓர் இரும்புத் துண்டை வெல்டிங் செய்து ஒட்டுவது மிகவும் ஆபத்தானது. வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டில் விரிசல் விடும். சுழலும் வேகத்தில் ஃபிளைவீல் உடைந்தால் அதன் துண்டுகள் கூட்டையும் தரைத்தகட்டையும் பிளந்துகொண்டு வெளியேறும். கண் மதிப்பில் துளை போடுவதும் இத்தகையதே. மவுண்டிங்கை மேலும் மேலும் இறுக்கி அதிர்வை மறைக்க முயல்வது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பதாகும்.

ஸ்டோரில் ஒரு புத்தகம்

ஒவ்வொரு லோரிக்கும் டிராக்டருக்கும் ஸ்டோரில் ஒரு தனிப் புத்தகம் இருத்தல் நலம். எஞ்சின் எண், மாற்றப்பட்ட உறுப்பு, அதன் எண், மாற்றிய நாள், வேலை பார்த்த பட்டறை ஆகியவற்றை அதில் எழுதி வரவேண்டும். ஓட்டுநர் சொல்லும் குறையையும் அவர் சொன்ன நாளோடு எழுத வேண்டும். அதிர்வு தோன்றும் அன்று இந்தப் புத்தகம் பாதி நோயைச் சொல்லிவிடும். ஓட்டுநர்மேல் வீண்பழி விழாமலும் அது காக்கும். தொழிலாளர் தம் பாதுகாப்பைக் கேட்கும்போது வாய்ச்சொல்லைவிட எழுத்துக்கு வலிமை அதிகம்.

1994 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வேலைக்குரிய இயந்திரங்களைக் கூடியவரை பாதுகாப்பான நிலையில் வைத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை. தமக்கும் பிறருக்கும் தீங்கு நேராமல் கவனமாக நடப்பது தொழிலாளியின் கடமை. 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. ஆகவே உதறும் லோரியைப் பற்றி முறையிடுவதைச் சோம்பல் என்றோ எதிர்ப்பு என்றோ யாரும் கொள்ளலாகாது. அது கடமையைச் செய்வதே ஆகும்.

கைத்தொழிலுக்கு ஒரு சான்று

தோட்டத்துப் பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தும் சான்றிதழ் எதுவும் இல்லாத ஃபிட்டர்கள் பலர் நம்மிடையே இருக்கின்றனர். மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகா வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழை, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்தும் பெறலாம். முன் அனுபவத்தை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் முறையின் வழியாகவும் பெறலாம். செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டுவதே பின்னைய முறையின் அடிப்படை. நாம் மேலே சொன்ன ஸ்டோர் புத்தகம் அதற்கும் உதவும். பள்ளிப் படிப்பை முடித்த தோட்டத்துப் பிள்ளைகளும் வாகனத் தொழிலில் பயிற்சி பெற முன்வர வேண்டும்.

லோரியைப் பட்டறையிலிருந்து எடுத்து வரும் நாளில் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். எந்த உறுப்பு மாற்றப்பட்டது? அது இந்த எஞ்சின் எண்ணுக்கு உரியதுதானா? கழற்றிய பழைய உறுப்பு எங்கே? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்த பின்பே பால் டாங்கியை ஏற்ற வேண்டும்.